மூன்றரை மணிப் பள்ளம்

வியாழக்கிழமை காலை, கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன ஜாஸ்மின், பதிவுக் கருவியிலிருந்து முந்தைய நாள் காகிதத்தை உருவிப் பார்த்தாள். பள்ளம் அப்படியே இருந்தது.

பிற்பகல் மூன்றரை வரை முப்பத்தொன்பது டிகிரியில் நேராக ஓடிய சிவப்புக் கோடு, மூன்றரைக்கு மேல் மூன்று டிகிரி சரிந்திருந்தது. பிறகு மெல்ல மெல்ல ஏறி, ஏழு மணிக்குப் பழைய இடத்துக்கு வந்திருந்தது. தீபாவளி முடிந்த நாளிலிருந்து மூன்று வாரமாக இதே கதை. சனிக்கிழமைகளில் மட்டும் பள்ளம் விழவில்லை.

திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருகிறது.

ஜாஸ்மினுக்கு இருபத்தொன்பது வயது. ஊர் படப்பை. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. இந்த 1991 டிசம்பரோடு கெடு முடிகிறது. அவள் எடுத்துக்கொண்ட விஷயம், கம்ப்யூட்டர் அறைகள் வீணாக வெளியே துப்பும் சூட்டைப் பிடித்து வேலைக்கு வைப்பது. ஒரகடத்துக்கு அருகே வால்வு தயாரிக்கும் இந்தத் தொழிற்சாலையில், மூன்று பீரோ உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடியது. அதைக் குளிர வைக்கும் ஏ.சி. பின்பக்கம் தள்ளும் அனல் காற்றைத் தகரக் குழாய் வழியாகப் பின்னால் இருந்த சின்னச் செங்கல் அறைக்குத் திருப்பியிருந்தாள். அங்கே சுவரில் இரண்டு இரும்புத் தட்டுகளும் ஒரு கதவும் மட்டும். பூட்டு கிடையாது. அந்த அறையிலிருந்து வெளியேறும் காற்றின் சூட்டைத்தான் கருவி கோடாக வரைந்தது.

போன வருடக் குழுவில் பேராசிரியர் தசரதன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். முப்பத்தொன்பது டிகிரியை வைத்துக்கொண்டு ஒரு டீகூடப் போட முடியாதே, பிறகு எதற்கு அம்மா அது என்றார். அடுத்த முறை பதிலோடும் ஒழுங்கான கோட்டோடும் வா, இல்லையென்றால் பதிவை ரத்து செய்ய எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நேத்தும் இறங்கிடுச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாளர் தேவநாதன். காஞ்சிபுரத்துக்காரர். ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்கு வைத்த சந்தனப் பொட்டை இன்னும் துடைக்க விடாதவர். அந்தத் தகரக் குழாய் தன் கம்ப்யூட்டரின் மூச்சை அடைக்கிறது என்பது அவர் கட்சி. "ஒரகடத்துல உக்காந்துகிட்டு சூட்டைச் சேத்து வைக்கிற மொத ஆள் நீங்கதான் மேடம். சித்திரை வரைக்கும் பொறுங்க, ஊர் முழுக்க இலவசமாக் கெடைக்கும்."

திங்கள் மாலை ஐந்து மணிக்குக் குழாயை அறுத்தெடுக்க வெல்டரை வரச் சொல்லிவிட்டதாகவும் அவர் தெரிவித்தார்.

ஜாஸ்மின் காகிதத்தோடு மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். கம்ப்ரசரை மூன்று முறை பார்த்தாகிவிட்டது. விசிறி பெல்ட்டை மாற்றியாகிவிட்டது. தேவநாதனையே சந்தேகப்பட்டும் பார்த்தாகிவிட்டது. இனி பாக்கி கணக்கு ஒன்றுதான். பள்ளத்தின் பரப்பை அளந்தாள். அந்த மூன்றரை மணி நேரத்தில் எவ்வளவு சூடு காணாமல் போகிறது என்று போட்டாள். அது ஒரு பொருளுக்குள் போயிருந்தால், அந்தப் பொருள் எவ்வளவு கனம் இருக்கும் என்று போட்டாள். கடைசி வரியைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

சுமார் அறுபது கிலோ. பெரும்பாலும் தண்ணீர். சனிக்கிழமை லீவு எடுத்துக்கொள்ளும்.

அவள் தினமும் மூன்று பத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவாள். அந்த நேரத்தை விட்டால் படப்பைப் பக்கம் போக வேறு கம்பெனி வண்டி கிடையாது. அன்று பஸ்ஸை விட்டாள். மழை பிடித்துக்கொண்டது. குடையோடு செங்கல் அறையின் பக்கவாட்டில் நின்றாள்.

சரியாக மூன்றரைக்குத் தள்ளுவண்டி ஒன்று வந்தது. அதில் மூடி போட்ட இரண்டு பெரிய அலுமினியப் பாத்திரங்கள். தள்ளி வந்தது கேன்டீன் சந்திரம்மாள். மணிமங்கலத்துக்காரி, நாற்பதைத் தாண்டியவள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினால், எதிரில் ஜாஸ்மின்.

"இது என்ன?"

"மாவு மேடம். இட்லி மாவு." சந்திரம்மாள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். "கம்ப்யூட்டர் மூச்சு உட்ற ரூம்பாச்சேன்னு செருப்பைக்கூட வெளியிலதான் உட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். மழை தொடங்கியதும் மாவு பொங்கவில்லை. இட்லி கல்லாக வந்தது. தீபாவளிக்கு மறுநாள் முதல் ஷிப்ட் ஆட்கள் நானூறு பேரும் இட்லியைத் தொடாமல், சூப்பர்வைசர் மேஜைமேல் கோபுரமாக அடுக்கிவிட்டு லைனுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் நான்கு பெண்களையும் நிறுத்திவிடுவேன் என்றான் கான்ட்ராக்டர். அன்று மழைக்கு ஒதுங்கினவள் முதுகில் இந்தக் கதவின் கதகதப்பு பட்டது. பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் இட்லி பூவாட்டம் வந்தது. அன்றிலிருந்து தினமும் மூன்றரைக்கு வைப்பாள், இரண்டாம் ஷிப்ட் ஆள் பத்து மணிக்கு எடுத்துவிடுவான். ஞாயிறு காலை ஷிப்ட் இல்லாததால் சனிக்கிழமை மாவு கிடையாது.

"மூணு வாரமா என் ஆராய்ச்சியையே கெடுத்துட்டு இருந்திருக்கீங்க" என்றாள் ஜாஸ்மின்.

"கெடுத்தேனா?" சந்திரம்மாளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அந்தச் சூடு சும்மாதான மேடம் கீது?"

ஜாஸ்மின் கதவருகே போய் உள்ளே தட்டில் இருந்த பாத்திரங்களைப் பார்த்தாள்.

"பாத்திரத்துக்கு எத்தனை கிலோ?"

"முப்பது."

இரண்டு முப்பது. ஜாஸ்மின் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள், தெர்மாமீட்டர் எடுக்க.

வெள்ளியும் ஞாயிறும் மாவுக்குள் தெர்மாமீட்டரைச் செருகிக் குறித்துக்கொண்டாள். இருபத்தாறில் உள்ளே போகும் மாவு முப்பத்துநான்கில் போய் நின்றது. அதற்குமேல் போனால் புளித்துவிடும், குறைந்தால் பொங்காது என்றாள் சந்திரம்மாள். டீக்குப் போதாத சூடு மாவுக்குக் கச்சிதம். இடையில் சனிக்கிழமை முழுக்க வேறு எதையும் செய்யாமல் சமன்பாடுகளோடு உட்கார்ந்திருந்தாள்.

திங்கள் மூன்று மணிக்கு நான்கு பேர் கொண்ட குழு வந்தது. தேவநாதன் எல்லோரையும் பூட்ஸைக் கழற்ற வைத்தார். தசரதனின் இடது காலுறையில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அவர் அதை வலது காலால் மறைத்துக்கொண்டு நின்றார். ஜாஸ்மினின் நெறியாளர் ரகுபதி, செங்கல் அறையைப் பார்க்கிறேன் என்று குடையோடு பின்பக்கம் போனார்.

கேட்பதற்கு முன்பே தேவநாதன் மூன்று வாரக் காகிதங்களையும் மேஜையில் பரப்பினார். தினமும் விழுகிறது சார், இவங்களுக்கே ஏன்னு தெரியலை என்றார்.

"தெரியும்" என்றாள் ஜாஸ்மின். "அது அறுபது கிலோ இட்லி மாவு."

யாரும் சிரிக்கவில்லை. கருவியில் இன்னும் நகராத வெற்றுக் காகிதத்தைக் காட்டினாள். அன்றைய பள்ளம் எப்படி விழும் என்று அதில் முன்கூட்டியே பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள்.

தசரதன் குனிந்து பார்த்தார். "மூணு வாரமாப் பாத்த கோட்டை யார் வேணா வரையலாம். மூணாவது பாத்திரம் வை. முப்பது லிட்டர் தண்ணி. அதுக்கு இப்ப, என் முன்னாடி வரை."

பத்து நிமிடம் கேட்டாள். ஏழு நிமிடத்தில் கணக்கை முடித்து, பழைய கோட்டை அழித்துப் புதிதாக வரைந்தாள். நாலரை டிகிரிப் பள்ளம். காகிதம் வேகமாக ஓடும்படி திருகைத் திருப்பினாள். சந்திரம்மாளின் தள்ளுவண்டி ஜன்னலைக் கடந்து போனது, சொல்லி அனுப்பியபடி மூன்று பாத்திரங்களோடு.

சிவப்புப் பேனா அசைந்தது. இறங்கத் தொடங்கியது. பென்சில் கோட்டின் மேலேயே வந்தது. பிறகு கோட்டை விட்டு விலகி, அரை டிகிரி கீழே போனது. இன்னும் கீழே.

தேவநாதன் மணியைப் பார்த்தார். வெல்டர் வர ஒரு மணி நேரம் இருந்தது.

ஜாஸ்மின் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கதவு திறந்திருக்கு" என்றாள். "யாரோ வாசல்ல நிக்கறாங்க."

தசரதன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். செங்கல் அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு, மாவுப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கி முகர்ந்துகொண்டிருந்தார் ரகுபதி.

"யோவ் ரகுபதி, கதவைச் சாத்துய்யா" என்று தசரதன் ஜன்னலுக்கு வெளியே குரல் கொடுத்தார்.

கதவு மூடியது. பேனா ஒரு கணம் தயங்கியது. மேலே ஏறியது. பென்சில் கோட்டைத் தொட்டது, அதன்மேல் படிந்தது. பள்ளத்தின் அடிவரை போய்த் திரும்பி, மறுபக்கம் ஏறத் தொடங்கியும் அதை விட்டு விலகவில்லை. அறையில் இருந்த ஐந்து பேரும் செருப்பும் பூட்ஸும் இல்லாத காலோடு அந்தக் கருவியைச் சுற்றி அசையாமல் நின்றார்கள்.

தேவநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். "பென்சில் கோடே தெரியலையே சார்" என்றார். "மசிக்கு அடியில போயிடுச்சு."

"இங்க உக்காந்துகிட்டே அங்க கதவு திறந்திருக்குன்னு சொல்றா" என்றார் தசரதன், அவரிடமல்ல, பொதுவாக. பிறகு ஜாஸ்மினிடம் திரும்பினார். "போன வருஷம் டீகூடப் போட முடியாதுன்னு கேட்டேன்."

"டீக்கு அடுப்பு இருக்கு சார். மாவுக்குத்தான் எதுவும் இல்லாம இருந்தது. நானூறு பேர் சாப்பிடறாங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று ஒரே வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். கட்டைவிரலை மறைக்க மறந்துவிட்டார்.

ஐந்து மணிக்கு வெல்டர் காஸ் சிலிண்டரோடு வந்து வாசலில் நின்றான். எந்த இடத்தில் அறுக்கணும் சார் என்றான். தேவநாதன் அவனைப் பின்பக்கம் அழைத்துப் போனார். செங்கல் அறை வாசலில் சந்திரம்மாளின் ரப்பர் செருப்பும், மாவைப் பார்க்க உள்ளே போயிருந்த குழுவின் பூட்ஸ் ஜோடிகளும் வரிசையாகக் கிடந்தன. அவர் தன் செருப்பையும் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே கையைக் காட்டினார்.

"அறுக்கறதுக்கு இல்லப்பா. மேல இன்னொரு தட்டு வெக்கணும். மூணு பாத்திரத்துக்கு இடம் போதலை."