துருத்தியை விட்டு வந்தவர்

கீழ்வானைச் சிவக்கச் செய்து எழுந்த ஞாயிறு, நகரின் ஓட்டுக் கூரைகளையும் புகைக்கூண்டுகளையும் ஒவ்வொன்றாய்த் தொட்டு எழுப்பி, தெருக்கள் கூடும் முனையில் கருங்கல்லால் நிமிர்ந்து நின்ற கோவிலின் வண்ணக் கண்ணாடிகளுக்குள் புகுந்து, தரையெங்கும் நீலமும் செம்மையும் சிந்திக்கொண்டிருந்தது. கடைகள் கதவடைத்துக் கிடந்தன. மணியோசையைக் கேட்டு, மடிப்புக் கலையாத உடையும் வாரிய தலையுமாய் மக்கள் கிளைத்தெருக்களினின்று ஓடைகள் போல் ஊர்ந்து வந்து, கோவில் வாயிலில் ஓர் ஆறாய்க் கலந்தனர்.

அக்கோவிலின் பெருமை, ஆர்கன் எனப்படும் அதன் குழலிசைப் பேழை. வாசகரே, அதன் இயல்பைச் சற்றே கேளுங்கள். முன்னே அமர்ந்து கட்டைகளை அழுத்துபவரின் விரல்கள் இசையைத் தெரிந்தெடுக்குமேயன்றிப் பிறப்பிப்பதில்லை, பிறப்பிப்பது காற்று. பேழையின் பின்னே, எவர் கண்ணுக்கும் படாத சிற்றறையில், ஒருவர் நெம்புகோலை ஏற்றி இறக்க, தோல்துருத்தி காற்றை உறிஞ்சி மேலுள்ள பெரும்பைக்கு ஊட்டும். பையின்மேல் ஏற்றிய பாரங்கள் அதைச் சீராய் அழுத்த, காற்று குழல்களுக்குள் பாய்ந்து பாடும். கோலை விட்டுவிட்டால், பையில் எஞ்சிய காற்று ஓரிரு அடிகள் பாடிக்கொடுக்கும். அதன்பின் பேழை நோயுற்ற எருதுபோல் முனகி அடங்கும். அம்முனகலைத் தம் காலத்தில் எவரும் கேட்டதில்லை என்பதே, கோல் பிடித்த முதியவரின் செருக்கு. ஊரார் அவரைத் துருத்தியார் என்றே அழைத்தனர்.

அவருடைய மருமகள் தையற்காரி. வேறு நெறியில் பிறந்து, அவர் மகனை மணந்து அவ்வீட்டுக்கு வந்தவள். வாரந்தோறும் வழிபாடு முடிந்தபின் பக்கத்து அறையில் ஆயர் நடத்தும் மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்து, துணியின் மறுபுறத்தைப் புரட்டித் தையலை நோக்குவதுபோல் ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப் புரட்டிக் கேட்பாள். துருத்தித் தோலுக்கு எண்ணெய் பூசும் துருத்தியாரின் செவியில் அக்கேள்விகள் சுவர் தாண்டி விழும்.

"இவ கேக்குற கேள்விக்கு, ஆயருக்கே மறுபடி முழுக்குக் குடுக்கணும் போல," என்பார்.

நீர் ஊற்றிச் சபையில் சேர்க்கும் திருமுழுக்குக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரே அடுப்பில் உண்பவர் ஒருவர் சபைநடுவே எழுந்து சான்று நிற்க வேண்டும். கோவிலில் காட்டும் முகம் வேறு, உலை கொதிக்கும்போது காட்டும் முகம் வேறு என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். கணவனுக்கோ அவ்வுரிமை இல்லை, காதல் கண்ணை மறைக்கும் என்பதால். சென்ற ஆண்டு அவளுக்காக ஆயர் வினவியபோது எவரும் எழவில்லை. அவள் தலைகுனிந்து இருக்கைக்குத் திரும்பினாள். மீண்டும் ஒருமுறை அவ்வாறு திரும்ப நேர்ந்தால், பின்னர் கேட்கும் துணிவு தனக்கு இராது என்பதை அவள் அறிவாள்.

அதனால் அன்று விடியலில், அவருக்கு நீர் கொடுத்தபடியே கேட்டாள்.

"மாமா, இந்தத் தடவ எனக்காக நிப்பீங்களா?"

"என் வேல பின்னால. முன்னால நிக்க வேற ஆளப் பாரு."

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"நம்பணும்னா நம்பணும். நீ வக்கீலாட்டம் குறுக்கு விசாரணை பண்ற."

"உயிர்த்து வந்த ஆண்டவரையே தோமா தொட்டுப் பாத்துத்தான் நம்புவேன்னாரு. அவரைத் தொரத்தி விட்டாங்களா மாமா?"

அவர் செம்பைக் கவிழ்த்துவிட்டு நடந்தார்.

வழிபாடு தொடங்கி, மறையுரை முடிந்து, பேழை மெல்லென இசைத்திருக்க, அவள் நீர்த்தொட்டியருகே நின்றாள். வினவும் நேரம் முழுதும் இசை நில்லாது ஒலிப்பது அங்குள்ள முறை. அதனாலேயே அவள் இசையை உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள்: இசை ஒலிக்கும்வரை அவர் கோலருகே இருக்கிறார் என்பதன்றோ பொருள்.

"இவருடைய நம்பிக்கைக்குச் சான்று நிற்பவர் யார்?" என்றார் ஆயர்.

இசை ஒலித்தது. அவள் கணவன் கைகளை இறுக்கிக்கொண்டு தரையை நோக்கினான்.

ஆயர் மீண்டும் வினவினார். இசை ஒலித்தது. அவள் இருக்கைக்குத் திரும்ப ஓரடி எடுத்துவைத்தாள்.

அப்போது குழல்களின் குரல் தளர்ந்தது, சுருதி சரிந்தது, பேழை நீண்டதொரு முனகலை எழுப்பி ஓய்ந்தது. கட்டைகளின்மேல் விரல்கள் திகைத்து நின்றன.

"ஐயையோ, துருத்தியாருக்கு என்னமோ ஆயிடுச்சு," என்றாள் கடைசி வரிசை மூதாட்டி ஒருத்தி.

"எனக்கு ஒண்ணும் ஆகல, அக்கா."

பேழையின் ஓரத்துச் சிறுகதவைத் திறந்துகொண்டு, மடித்த சட்டைக் கையும் எண்ணெய் படிந்த விரல்களுமாய் அவர் வெளிவந்தார். வந்து, மருமகளின் அருகே நின்றார்.

"நான் நிக்கிறேன். அடுப்படியிலயும் கேள்விதான், துணி தைக்கும்போதும் கேள்விதான். கேட்டுக் கேட்டு என் உயிர எடுத்துட்டா. நம்பிக்கை இல்லாதவ இவ்வளவு கேக்க மாட்டா. வேணாம்னு எப்பவோ போயிருப்பா."

சபை சிரித்தது. அச்சிரிப்பு அடங்குமுன்பே, அவர் அக்கா என அழைத்த அம்மூதாட்டி, நின்றுபோன பாட்டை நடுங்கும் குரலில் விட்ட இடத்தினின்று எடுத்தாள். பக்கத்தார் தொடர்ந்தனர், வரிசை வரிசையாய் எழுந்தனர், துணையிசை ஏதுமின்றி எழுந்த அப்பெரும்பாட்டு, தூண்களில் மோதித் திரும்பிக் கூரையை நிறைத்தது. அதன் நடுவே தையற்காரியின் தலையில் நீர் வழிந்தது. அவள் நிமிர்ந்தே நின்றாள்.

காற்று தோற்பையினின்று வந்தால் என்ன, நெஞ்சினின்று வந்தால் என்ன. பாட்டுக்கு வேண்டுவது, தன் மூச்சைப் பிறர்க்கெனத் தர ஒருவர் முன்வருவதே. அன்று அக்கோவிலில் பேழை ஒன்றே ஓய்ந்தது, பாட்டு ஓயவில்லை.