பட்டு இல்லாத தேசம்

ஜப்பானை ஹேமலதா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அடித்தாள். இட்லியை ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஆசியா வரைபடத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரே கோடு போட்டாள். சீனா அதற்கு முன்பே போயிற்று. தாய்லாந்தும் வியட்நாமும் ஒரே நாளில் போயின. படையெடுத்து வந்த ராஜாக்கள்கூட இவ்வளவு சுலபமாக ஒரு கண்டத்தைக் காலி பண்ணியதில்லை.

இதற்கெல்லாம் தொடக்கம் அவள் மகள் சத்யப்ரியா. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற அவள், தீபாவளிக்கு ஆரணி வந்தபோது அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசினாள். "உங்களுக்குக் கல்யாணம் ஆயி இது இருபத்தஞ்சாவது வருஷம். மார்கழில ஆறு நாளு எங்கியாவது வெளிநாடு போய்ட்டு வாங்க. டிக்கெட்டு, ரூமு எல்லாம் என் பொறுப்பு" என்றாள். ஐரோப்பா, அமெரிக்கா என்றால் விசாவுக்கு அலைந்தே பேஜாராகிவிடும். அதனால் ஆசியாவுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். "எடத்த அம்மாதான் சொல்லணும். மாசக் கடைசி நாயித்துக்கெழமக்குள்ள சொல்லிடும்மா. அப்பா சொல்லக் கூடாது."

அப்பா ஏன் சொல்லக் கூடாது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்பாவே கேட்கவில்லை.

மாணிக்கவேல் நல்ல மனிதர். பட்டு நூல் வாங்கிச் சாயம் போட்டு, பக்கத்து ஊர் முள்ளிப்பட்டில் வீட்டுத் தறி வைத்திருக்கிறவர்களிடம் கொடுத்து, நெய்த சேலைகளைக் கடைகளுக்குப் போடுகிறவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கோபம்கூட அரை மணி நேரத்துக்கு மேல் தங்காது. ஒரே ஒரு குணம்தான். எந்த ஊரில் கொண்டுபோய் விட்டாலும், மழைத் தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போவதுபோல, அந்த ஊரில் பட்டு இருக்கிற தெருவுக்குப் போய்விடுவார்.

கல்யாணமான புதிதில் மைசூர் போவதாகத்தான் பேச்சு. பெங்களூரில் இறங்கி, நூல் வியாபாரி ஒருவரைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். அந்தப் பத்து நிமிஷம் மூன்று நாள் நடந்தது. காசிக்குப் போனபோது கங்கையில் ஒரு முழுக்கு, விசுவநாதருக்கு ஒரு கும்பிடு, மிச்ச நாளெல்லாம் நெசவாளர் சந்து. துவாரகைக்குப் புறப்பட்டார்கள், வழியில் சூரத் வந்தது. சூரத்தில் சரிகை இருந்தது. கிருஷ்ணர் இன்றைக்கும் இவர்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஹேமலதாவுக்குப் பட்டின் மேல் பகை ஒன்றுமில்லை. பட்டுதானே சோறு போடுகிறது. ஆனால் அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. ஒரே ஒரு தடவை, தான் பார்க்கிறதையே தன் புருஷனும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அருவியோ, மலையோ, ஒரு மாடோ, எதுவாக இருந்தாலும் சரி. பக்கத்தில் போகிறவளின் முந்தானையை அவர் கண்ணாலேயே எடை போடாமல் ஆறு நாள் அவளோடு இருக்க வேண்டும். அதனால்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வரைபடம் வாங்கி வந்தாள். தேசத்தின் பெயரைச் சொல்லி, கூடவே பட்டு என்றும் சொல்லி, போனில் தேடுவாள். பட்டு இருக்கிறது என்று வந்தால் அந்தத் தேசத்துக்குக் கோடு.

ஆசியாவில் பட்டு இல்லாத இடத்தைத் தேடுவது கல்யாண வீட்டில் பசியோடு இருக்கிறவனைத் தேடுவது மாதிரி என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை.

மாணிக்கவேலுக்கு இடத்தைச் சொல்லத்தான் தடை. யோசனை சொல்லத் தடை இல்லையே. ராத்திரி சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பிப்பார்.

"கம்போடியா போலாமா ஹேமா? அங்க ஒரு கோயிலு கீதாம். உலகத்துலயே பெருசாம்."

ஹேமலதா போனை எடுத்துத் தேடினாள். "கோயிலுக்குப் பக்கத்துல இன்னா கீது?"

"இன்னா கீது, கொளம் கீது."

"பட்டுப் பண்ணை கீது. அந்த ஊரு பூச்சி கட்டற கூடே தங்கக் கலர்ல இருக்குமாம். சுத்திக் காட்டறாங்களாம்."

மாணிக்கவேல் ரசத்தைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். "அப்படியா. எனக்குத் தெரியாதே" என்றார். அந்த 'அப்படியா' எந்தச் சரக்கு என்று இருபத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா? கம்போடியாவுக்கு அன்றைக்கே கோடு விழுந்தது.

கஜகஸ்தானில் பனிமலை இருக்கிறது என்று மகள் போனில் சொன்னாள். ஹேமலதா ஆசையோடு தேடினால், ஊர் முழுக்கப் பட்டுப்பாதை என்று வந்தது. ஒரு காலத்தில் ஒட்டகத்தின் மேல் பட்டை ஏற்றிக்கொண்டு போன வழியாம்.

"பட்டு போன வழிதான ஹேமா? இப்ப அங்க பட்டு இல்லியே" என்றார் மாணிக்கவேல், ரொம்ப அப்பாவியாக.

"வழி கீதுன்னா போதும். நீங்க அது எங்க போய் முடியுதுன்னு பாக்கப் போயிடுவீங்க."

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை மூன்றிலும் அவரிடம் சேலை வாங்குகிற கடைக்காரர்கள் இருந்தார்கள். அவற்றைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை. மங்கோலியாவில் பட்டு இல்லை, ஆட்டு ரோமம்தான் என்று தெரிந்தபோது அவளுக்கு உயிர் வந்தது. "அந்த ரோமத்த எம்மாம் மெல்லிசா நூக்கறாங்களாம்?" என்று அவர் கேட்ட கேள்வியில் அதுவும் போயிற்று. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுப் புஷ்பலதா கொத்தமல்லி கேட்க வந்தாள். வரைபடத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாடி இது, அம்மை போட்ட மாதிரி கீது. மிச்சம் எந்த ஊருதான் வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள் ஹேமலதா. அழுகிற குரலாக வந்துவிட்டது.

"எங்க அக்கா பையன் தீனா கல்யாணம் ஆனதும் மாலத்தீவு போனான். போட்டோ பாத்தேன். தண்ணிக்கு நடுவுல கட்டையால வீடு. கடை கெடையாது, தெரு கெடையாது. கதவத் தொறந்தா கடலு. மீனுதான் வந்து எட்டிப் பாக்குது."

ஹேமலதா வரைபடத்தில் கன்னியாகுமரிக்குக் கீழே இடது பக்கமாக விரலை ஓட்டினாள். தாளிக்கும்போது தெறித்த கடுகு மாதிரி நாலைந்து புள்ளிகள். கோடு விழாமல் அப்படியே இருந்தன. போனில் தேடியபோது, மணல் பட்டுப்போல இருக்கும் என்று ஒரு ஓட்டல் விளம்பரம் வந்தது. அதை அவள் பெரிய மனது பண்ணி மன்னித்தாள்.

அன்று ராத்திரி விஷயத்தைச் சொன்னதும் மாணிக்கவேலின் கை தோசையிலேயே நின்றது.

"அது புதுசா கல்யாணம் ஆனவங்க போற எடம் ஹேமா. ஊரு சிரிக்கும்."

"ஊருக்கு யாரு சொல்லப் போறா?"

"புஷ்பலதாவுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரிஞ்ச மாதிரிதான்."

சனிக்கிழமை காலையில் அவருக்குக் கடல் பயம் வந்தது. ராத்திரி தூங்கும்போது தண்ணீர் ஏறிவிட்டால் என்ன செய்வது? மத்தியானம் தை முகூர்த்தத்துக்குச் சேலை அனுப்புகிற கவலை வந்தது. எல்லாம் கார்த்திகையிலேயே தறியிலிருந்து இறங்கிவிடும் என்று அவரே சொன்னதை ஹேமலதா நினைவுபடுத்தினாள். சாயங்காலம் தலை சுற்றுகிறது என்றார். இருபத்தைந்து வருஷத்தில் ஜலதோஷத்தைத் தவிர எதுவும் வந்து அவள் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போய்விட்டார். அங்கே அன்றைக்கு அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. நாலு மணிக்குத்தான் திரும்பி வந்தார். ஐந்து மணிக்கு மகள் கூப்பிட்டாள்.

"வேணாம் சத்யா" என்றாள் ஹேமலதா. "எங்கியும் வேணாம். அப்பாவுக்கு இஷ்டம் இல்ல. அப்புறம் பேசறேன்."

போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "பட்டு கீற ஊருன்னா பறந்துகினு வருவீங்க. நான் மட்டும் கீற ஊருன்னா உங்களுக்குத் தல சுத்துது. சரி, போவட்டும்."

மாணிக்கவேல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைத் திருகினார். "இஷ்டம் இல்லாம இல்ல ஹேமா. பயமா கீது."

"தண்ணிக்கா?"

"தண்ணிக்கு இன்னா பயம்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க போயி ஆறு நாளு உன்கிட்ட இன்னா பேசறதுன்னு எனக்குத் தெரியல."

ஹேமலதா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நூலு, சாயம், தறி. வீட்டுக்கு வந்தா உன்கிட்டயும் அதத்தான் பேசறேன். சத்யா இங்க இருந்தவரிக்கும் அவ படிப்பு, அவ வேலன்னு ஓடிச்சி. அங்க கடையும் இல்ல, தெருவும் இல்ல. நீயும் நானும்தான். மொத நாளு எதுனா பேசுவேன். ரெண்டாம் நாளு, இந்த ஆளுகிட்ட வேற ஒண்ணுமே இல்லன்னு உனக்குத் தெரிஞ்சி பூடும்."

அவள் மனதில் அன்று காலையிலிருந்து கட்டி வைத்திருந்த சண்டையெல்லாம் எங்கே போயிற்றோ. பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. தன்னை மறந்துவிட்டுத்தான் அவர் கடை கடையாக நுழைந்தார் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு பயத்தை இந்த மனிதர் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார் என்று யார் கண்டது? அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நீங்க எதுக்குப் பேசணும்? இத்தினி வருஷம் நீங்கதான் பேசிகினு கீறீங்க. நான் கேட்டுகினு கீறேன். என்கிட்ட எம்மாம் பேச்சு மிச்சம் கீது தெரியுமா? நீங்க உம்முன்னு கேட்டா போதும்."

"வெறும் உம்மு போதுமா?"

"நடுவுல நடுவுல ஒரு கேள்வி கேளுங்க. என்னப் பத்தி உங்களுக்குத் தெரியாததா பாத்து."

பரீட்சைக்கு உட்கார்ந்தவர்போல மாணிக்கவேல் கூரையைப் பார்த்தார். "சின்ன வயசுல நீ இன்னா ஆவணும்னு நெனச்ச?"

இதை அவளிடம் யாருமே கேட்டதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கவில்லை, பெற்றவர்களும் கேட்கவில்லை. அவளுக்குக் கன்னம் சூடானது.

"பஸ் கண்டக்டரு" என்றாள்.

"இன்னா?"

"தெள்ளார்ல எங்க வீட்டு வாசல்லதான் வந்தவாசி பஸ்ஸு நிக்கும். தெனம் ஊரு ஊரா போவலாம், டிக்கெட்டும் எடுக்க வேணாம். வெரல வாயில வெச்சி விசிலு அடிக்கக்கூடக் கத்துகினேன். எங்கப்பா முதுகுலயே ஒண்ணு வெச்சாரு."

மாணிக்கவேல் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. "விசிலு இப்ப வருமா?" என்றார். அவள் பதில் சொல்வதற்குள், "எந்த ஊரு வரிக்கும் போவணும்னு நெனச்ச? அப்பா அடிச்சப்புறம் வுட்டுட்டியா?" என்று அடுக்கினார்.

"நிறுத்துங்க" என்றாள் ஹேமலதா. "மிச்சத்த அங்க வந்து கேளுங்க. எல்லாத்தையும் இங்கியே கேட்டு முடிச்சிட்டா ஆறு நாளைக்கு இன்னா பண்றது?"

அவர் எழுந்து போய்த் தன் போனை எடுத்தார். மகள் என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தாள்.

"சத்யா, மாலத்தீவுக்கே போட்டுடும்மா" என்றார் மாணிக்கவேல். "ஆறு நாளு பத்தாது. எட்டா போடு."