பதினேழாம் எண் வண்டி நகராது

ஊரடங்கு தொடங்கியதிலிருந்து டிப்போவில் நாற்பத்திரண்டு பேருந்துகள் சும்மா நின்றன. சும்மா நின்றால் பேட்டரி செத்துவிடும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஏறி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஓரடி முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துவது மெக்கானிக் அக்காவின் வேலை. வேலையில்லாமல் ஒரு நிமிடம் உட்காரத் தெரியாதவள் அவள். வெளியே போக அனுமதிச் சீட்டு கையில் கிடைத்ததும் அவளைவிட அவள் கணவன்தான் நிம்மதியாக மூச்சுவிட்டான்.

அன்று பதினேழாம் எண் வண்டியைப் பின்னுக்கு எடுக்கப் போனபோது வெளியே ஒரு பறவை தொண்டை கிழியக் கத்தியது. பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கிப் பார்த்தாள். ஆள்காட்டிக் குருவி ஒன்று சிறகை விரித்துக்கொண்டு அவளையே விரட்ட வந்தது. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஜல்லிக்கு நடுவில், ஜல்லி நிறத்திலேயே நான்கு முட்டைகள். பிரேக்கை மிதிக்க இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் கூழ்.

வண்டியின் மூக்கு சுவரை ஒட்டி நின்றது. எடுப்பதென்றால் பின்னால்தான் எடுக்க வேண்டும். முட்டையைத் தொட அவளுக்குத் துணிவில்லை. பழைய டயர்களை உருட்டி வந்து சுற்றிலும் அடுக்கினாள்.

"குஞ்சு பொரிக்க இருபத்தாறு நாளாவது ஆகுமாம்" என்றான் கணவன், செல்போனைப் பார்த்து. தையல் கடை மூடிக் கிடந்ததால் வீட்டிலேயே முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தான்.

"அது எப்ப முட்டையிட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

மூன்று வாரம் ஓடியது. அதன்பின் ஐந்து நாள் முழு அடைப்பு என்றார்கள். அவளுடைய சீட்டும் செல்லாமல் போனது. அடுப்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள்.

"கொஞ்சம் உக்காரேன். தரை தேயுது."

"உங்களுக்கென்ன, காலுக்கு மிஷின் இருக்கு. மிதிச்சுக்கிட்டே இருக்கலாம்."

காலையும் மாலையும் டிப்போ காவலாளிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இருக்கா?"

"நான் நல்லா இருக்கேம்மா."

"உங்கள யாரு கேட்டா? குருவி இருக்கான்னு கேட்டேன்."

"இருக்கு, இருக்கு. நான் கொட்டாவி விட்டாக்கூட கத்தி ஊரைக் கூட்டுது."

மூன்றாம் நாள் காவலாளி போனை எடுக்கவில்லை. மதியம் அவர் மனைவி எடுத்தாள். காய்ச்சல் என்று அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். "டிப்போ கேட்டைச் சாத்தினாரோ இல்லையோ, தெரியலையேம்மா."

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. கணவன் வாசலை மறித்தான். "புடிச்சு உள்ள போட்டுடுவாங்க. ஒரு குருவிக்காகவா?"

"அத நசுக்கப் பாத்தது நான் ஓட்டின வண்டிங்க. எனக்கு இருப்புக் கொள்ளல, வழி விடுங்க."

தடுப்புக் கட்டையில் அவள் ஸ்கூட்டரை நிறுத்திய போலீஸ்காரர் கதை முழுவதையும் கேட்டார். "மருந்து வாங்கப் போறேன்னு பொய் சொல்றவங்கள பாத்திருக்கேன். முட்டைன்னு யாரும் சொன்னதில்ல" என்றவர், ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "வண்டி இங்க நிக்கட்டும். நடந்து போய்ட்டு ஒரு மணி நேரத்துல வந்துடு" என்றார்.

பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனாள். கேட் திறந்து கிடந்தது. டயர் அடுக்கு ஓரிடத்தில் சரிந்திருக்க, இரண்டு நாய்கள் உள்ளே தலையை நுழைத்திருந்தன. ஆள்காட்டி அவற்றின் தலைமேல் பாய்ந்து பாய்ந்து கத்தியது. கையில் கிடைத்த ஸ்பேனரை எறிந்தாள். நாய்கள் ஓடின. ஒரு முட்டை உடைந்து வழிந்திருந்தது. மூன்று மிஞ்சின. சரிந்த டயர்களை மறுபடி அடுக்கிவிட்டு, கேட்டை இழுத்துச் சங்கிலி போட்டுப் பூட்டினாள்.

அடைப்பு முடிகிற ஞாயிறன்று மேலாளர் போனில் கூப்பிட்டார். "இன்னிக்கே டிப்போவுக்குப் போய் ரெடி பண்ணிடு. நாளைக்கு எல்லா வண்டியும் ரோட்டுக்குப் போகணும். ஒண்ணு குறையக் கூடாது."

"பதினேழு போகாது சார்."

"ஏன்?"

"கியர்பாக்ஸ்."

டிப்போவுக்குப் போனதும் பழுதுப் பதிவேட்டில் 'கியர்பாக்ஸ் கோளாறு, நகர்த்தக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது வருடத்தில் அந்தப் புத்தகத்தில் அவள் எழுதிய முதல் பொய். இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாள்.

திங்களன்று நாற்பத்தொரு வண்டிகள் கிளம்பின. மறுநாள் காலை மேலாளரே வந்துவிட்டார். ஒரு காலத்தில் ஓட்டுநராக இருந்தவர். அவள் வாயைத் திறப்பதற்குள் பதினேழில் ஏறிச் சாவியைத் திருகினார். இன்ஜின் சீறியது. ரிவர்ஸ் கியர் வெண்ணெயாக விழுந்தது.

"இதுலயா கோளாறு?"

"சார், விடாதீங்க! கீழ பாருங்க!"

அவள் கத்தினாளோ பறவை கத்தியதோ, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். டயர்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒரு முட்டையில் விரல் நகம் அளவுக்கு விரிசல். அதற்குள் ஏதோ துடித்தது. அவர் வெகுநேரம் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் குரல் தணிந்திருந்தது.

"புத்தகத்துல பொய் எழுதியிருக்க. அதுக்கு மெமோ வரும், வாங்கிக்க."

"வாங்கிக்கிறேன் சார்."

"கியர்பாக்ஸ் எப்ப சரியாகும்?"

"வியாழக்கிழமை சார்."

புதனன்று காலை, வண்டிகள் வரிசைகட்டிப் புறப்படும் நேரத்தில், கோலிக்குண்டுக்குக் கால் முளைத்தாற்போல மூன்று குஞ்சுகள் தாயின் பின்னால் டயர் இடுக்கு வழியே வெளியே வந்தன. நேராகக் கேட்டைப் பார்த்து நடந்தன. அவள் ஓடிப்போய் முதல் வண்டியின் முன் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். பின்னால் பன்னிரண்டு வண்டிகள் ஹாரன் அடித்தன.

"என்னக்கா, ஊர்வலமா?" என்றார் ஓட்டுநர்.

"வாய மூடிட்டு நில்லுங்க!"

தாய் ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், கத்தும். குஞ்சுகள் கேட்டைக் கடந்து எதிரே ஓடைக்கரைப் புல்லுக்குள் புகுந்தன. அவள் பின்னாலேயே போய்ப் புல் விளிம்பில் குனிந்து எண்ணினாள். இரண்டு தெரிந்தன. மூன்றாவதைக் காணோம். மறுபடி எண்ணினாள்.

"அக்கா, போலாமா? டைம் ஆச்சு."

"இருங்க, இருங்க" என்றாள், புல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.