தம்பி டிக் போட்ட கணக்குகள்

ஒரு பெரிய மருத்துவமனையில் பதினாறு வருடமாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள் அவள். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், முப்பத்தொன்பதாவது வயதில், மருத்துவமனை நிர்வாகத்தில் மேல்படிப்பு படிப்பது என்று முடிவெடுத்தாள். அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மொழிப் பகுதி பயமில்லை. கணக்குப் பகுதிதான் பயம். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த அன்றே கணக்குக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வந்தவள்.

வீட்டிலேயே ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார், அவளுடைய தம்பி. இதே தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் சென்டரில் ஒன்பது வருடம் பாடம் எடுத்தவன். போன வருடம் மூளைக்காய்ச்சல் வந்து நாற்பது நாள் படுத்துக் கிடந்தான். எழுந்தபோது பேச்சு இருந்தது, நடை இருந்தது, வாசிப்பு இருந்தது. எண்கள் மட்டும் பிடி கொடுக்காமல் நழுவின. "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். அதிலிருந்து அவன் மூன்றாவது மாடி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தாடியும் மீசையுமாக, எதிர்க் கட்டடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தேர்வைப் பற்றிச் சொன்னதும் சட்டென்று திரும்பினான்.

"நான் இருக்கேன்ல? நான் சொல்லித்தரேன்க்கா."

"முடியுமாடா உன்னால?"

"முடியுமாவா? எத்தனை மக்குங்களைத் தேத்தியிருக்கேன். நீ என்ன பெரிய மக்கு."

பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் சிரித்தான். மறுநாள் காலை ஆறு மணிக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், சிவப்புப் பேனாவோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

புத்தகம் எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை. கணக்குகளை அவனே கட்டிச் சொன்னான். சதவீதம் என்றால் என்ன, எதற்கு எதன் மேல் பார்க்க வேண்டும் என்று அவன் விளக்கியபோது, இருபது வருடமாகப் புரியாதது அவளுக்குப் புரிந்தது. விடை போடும் இடத்தில்தான் சறுக்கினான்.

"ஒரு ஆள் நூறு கிலோ. இருபது சதவீதம் வெயிட் போடுறான். அப்புறம் இருபது சதவீதம் குறைக்கிறான். இப்ப எவ்வளவு?"

தொண்ணூற்றாறு என்று எழுதினாள். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "நூறுக்கா. ஏறினதும் இறங்கினதும் சமம்தானே" என்று அடித்தான். வேலைக்குப் போனதும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாள். தொண்ணூற்றாறுதான்.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிவப்புப் பேனாவை அவன் பிடித்திருந்த விதத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு நாக்கு எழவில்லை. மறுநாள் அதே கணக்கை அவன் மறுபடி கொடுத்தபோது நூறு என்றே எழுதினாள். அதிலிருந்து, சரியோ தப்போ, அவன் மனதில் என்ன விடை ஓடுகிறது என்று ஊகித்து அதையே எழுதினாள். பக்கம் பக்கமாக டிக் விழுந்தது. நிஜக் கணக்கை மருத்துவமனையில் போட்டாள். ஒரு நோயாளி போய் இன்னொருவர் வருவதற்குள், ஈயக் கவசத்தைக் கழற்றாமலேயே, உடை மாற்றும் தடுப்புக்குள் நின்றுகொண்டு இன்னொரு நோட்டில் போட்டாள். தம்பி தெளிந்துகொண்டே வந்தான். பாட்டுக்கூட முணுமுணுத்தான்.

தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தபோது, வேலை முடிந்து வந்தவள் மேசையில் இரண்டு நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்து கிடப்பதைப் பார்த்தாள். மருத்துவமனையில் போடும் நோட்டைக் காலையில் அவசரத்தில் பையில் வைக்க மறந்திருந்தாள்.

"இன்னைக்கு சென்டருக்குப் போனேன்க்கா" என்றான் அவன். இஸ்திரி போட்ட சட்டையில்தான் இருந்தான்.

"எதுக்குடா?"

"வேலை கேக்க. உன் விடையெல்லாம் என் விடையோட அப்படியே ஒத்துப்போச்சே. சரி, தலை சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்கன்னாங்க. வெயிட் கணக்கைப் போட்டேன். நூறுன்னு எழுதினேன். முதல் பெஞ்சுல ஒரு பொண்ணு, சார் தொண்ணூத்தாறுன்னுச்சு. நான் அது கூட சண்டை போட்டேன்க்கா. எங்க அக்காவும் நூறுன்னுதான் போட்டிருக்காங்கன்னு சொன்னேன். மொத்த வகுப்பும் சிரிச்சுது. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டாங்க. அதுதான் தாங்க முடியல."

அவள் நோட்டுகளை மூடினாள். "உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்டா..."

"தப்புன்னு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல? வீட்டுக்குள்ளேயே அழுதிருப்பேன். நீ மட்டும்தானே பாத்திருப்ப."

மன்னிச்சுடு என்றாள். அவன் தலையாட்டினான். அது சரி என்பதா வேண்டாம் என்பதா என்று தெரியவில்லை. மேற்கொண்டு கேட்கவும் துணிவில்லை.

அடுத்த பதினொரு காலைகளும் அவள் தனியாகப் படித்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான், தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரியும். ஒருநாள் மேசைக்குக் கூப்பிட்டாள். "என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா நீயும் கெட்டுப்போவ" என்றான், கோபமே இல்லாமல்.

தேர்வு அறையில், வேண்டுமென்றே யாரோ கொண்டுவந்து வைத்தது போல, ஏறி இறங்கும் சதவீதக் கணக்கு ஒன்று வந்தது. எளிதாகப் போட்டாள். போட்டுவிட்டு இரண்டு நிமிடம் அடுத்த கேள்விக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து மதிப்பெண் வந்தது. கணக்கில் அவள் கனவிலும் நினைக்காத மதிப்பெண். எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். முன்பெல்லாம் மாணவர்கள் மதிப்பெண்ணைச் சொல்லி வாய் மூடுவதற்குள், எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், எதில் கிடைக்காது என்று ஒப்பிப்பான்.

தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தான். உதடுகள் அசைந்தன.

"இது நல்லதாக்கா?" என்று கேட்டான்.

பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத கேள்விதான்.

"நல்லதுதான்டா."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் கண்ணையே பார்த்தான். அந்தப் பதிலை நம்பலாமா என்று அவன் தேடுவது அவளுக்குத் தெரிந்தது. பிறகு தாளை நாலாக மடித்து அவளிடமே கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.