முறுக்குச் சத்தம் உள்ள சிடி

புனே பக்கம், தேஹு ரோடு தமிழ் மன்றத்துக்கு ஒரு புகார் வந்தது. ரஃபீக் பாய் வாடகைக்குக் கொடுக்கும் பட சிடிகள் ஒரிஜினல்தானா, பார்க்கும் தரத்தில் இருக்கின்றனவா என்று விசாரிக்க வேண்டும். புகார் எழுதியவர் சந்திரிகா டீச்சர். விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். அதிலும் சந்திரிகா டீச்சர் இருந்தார். தலைவர் ராமநாதன் சார். மூன்றாவது நான்.

நான் இன்ஜினியர் என்பதால் போட்டதாகச் சொன்னார்கள். காரணம் அதுவல்ல. என் மனைவி பார்கவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டெங்கு, நான்கு நாள். அதன்பிறகு என்னைச் சும்மா உட்காரவிடக் கூடாது என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டார்கள் போலிருந்தது. தீபாவளிக்கு மைக் செட், பொங்கலுக்குக் கரும்பு, இப்போது சிடி. நான் எதையும் மறுப்பதில்லை. மறுக்க நிறையப் பேச வேண்டும்.

ராமநாதன் சார் இங்கே டெப்போவில் முப்பத்தோரு வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ராணுவத்துக்கு வரும் பூட்ஸ், வாளி, கூடாரம் எல்லாவற்றையும் அளந்து பார்த்து, தரமில்லை என்று தள்ளியவர். கடைசி இரண்டு வருடம் பார்கவி அவருக்கு ஸ்டெனோ. போன வருடம் ஓய்வு பெற்றார். அதிலிருந்து தள்ளுவதற்கு எதுவும் கிடைக்காமல் இளைத்துப்போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மன்றத்துக் கூடத்தில் விசாரணை. ரஃபீக் பாய் வெங்காயக் கூடையில் நாற்பது சிடி கொண்டுவந்திருந்தார். ஆம்பூர்க்காரர். ஸ்டேஷனுக்கு எதிரே பதினைந்து வருடமாகக் கடை வைத்திருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் அவர்தான் என்றாலும் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தவரும் அவர்தான்.

ராமநாதன் சார் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து ஒரு சிடியை அளந்தார்.

"விட்டம் நூற்றிருபது மில்லிமீட்டர். கனம் ஒன்று புள்ளி இரண்டு. அளவு பாஸ்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப நான் கிளம்பட்டுமா சார்?" என்றார் ரஃபீக் பாய்.

"உட்காருங்க பாய். ஓடவிட்டுப் பார்க்கணும்."

முதல் சிடியின் அட்டையில் 'நூறு சதவீதம் ஒரிஜினல் போல' என்று அச்சடித்திருந்தது. போட்டோம். திரையில் கதாநாயகனின் தாய் இறந்துகொண்டிருந்தார். கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடியது. டிராக்டரை எங்கே நிறுத்தினாய் என்று கேட்டான் கதாநாயகன். கிணற்றுப் பக்கம் என்று சொல்லிவிட்டுத் தாய் கண்ணை மூடினார்.

"வேற படத்து வசனம்," என்றார் சந்திரிகா டீச்சர். "என் மருமகள் அம்ருதா மராத்திக்காரி. பாவம், கீழ ஓடறதைப் படிச்சுத்தான் தமிழ்ப் படம் பாக்கறா. டிராக்டர் எப்ப வரும், எப்ப வரும்னு ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தா. வரவேயில்லை."

"அடுத்த சிடியில வரும் டீச்சர்," என்றார் ரஃபீக் பாய்.

ராமநாதன் சார் சிவப்பு மையில் 'தள்ளுபடி' என்று எழுதினார். கொஞ்சம் நிறம் வந்தது அவருக்கு.

அடுத்தது ஒரு கொலைப் படம். யாரோ தியேட்டரில் உட்கார்ந்து கேமராவில் பிடித்தது. திரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ராமநாதன் சாரும் அதே பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"இதுக்குத்தான் முக்கியமா எழுதிக் கொடுத்தேன்," என்றார் டீச்சர்.

"சார், ஒரு நியாயம் கேக்கறேன்," என்றார் ரஃபீக் பாய். "தியேட்டருக்குப் போனா முன்னாடி இருக்கிறவன் தலை தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"இதுலயும் தெரியும். அந்த நல்ல பிரிண்ட்ல தெரியாது. எது சார் ஒரிஜினல்?"

ராமநாதன் சார் பேனாவை மூடிவிட்டு யோசித்தார். டீச்சர் அவரை முறைத்தார். பேனாவைத் திறந்துகொண்டார்.

அரை மணி நேரம் ஓடியிருக்கும். படத்தில் ஒரு பாட்டு. அதற்கு நடுவே தியேட்டரில் யாரோ மராத்தியில் கத்தினார்: எம்எச் பதினாலு, நாலு பூஜ்யம் ஏழு ரெண்டு, ஸ்கூட்டர் வழியில் நிற்கிறது, எடுங்கள்.

அது என் ஸ்கூட்டர்.

திரையின் நடுவில் ஒரு தலை எழுந்தது. கதாநாயகியை முழுவதும் மறைத்தது. செருப்பைத் தேடி உட்கார்ந்தது, மறுபடி எழுந்தது, யார் காலையோ மிதித்து மன்னிப்புக் கேட்டது, போனது.

"எந்தக் கழுதை இது?" என்றார் டீச்சர்.

என் பின்னந்தலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உச்சியில் முடி குறைய ஆரம்பித்திருந்தது.

பிம்ப்ரி தியேட்டர். ஞாயிறு காலை ஒரே ஒரு தமிழ்க் காட்சி. பார்கவியும் நானும் போன கடைசிப் படம்.

"இன்னும் இருக்கு. நாற்பத்தேழாவது நிமிஷம் வரட்டும்," என்றார் டீச்சர்.

வந்தது. படத்தில் ஒரு வக்கீல் மாடிப்படி ஏறினார். கேமராவுக்கு மிக அருகில் ஒரு பெண் குரல்.

"ஏய், கொலைகாரன் வக்கீல்தான். செருப்பைப் பாரு, ஒரே சேறு."

"ஷ்ஷ்." இது நான்.

"பந்தயம். வக்கீல் இல்லேன்னா ஒரு மாசம் நான் பாத்திரம் தேய்க்கறேன்."

பிறகு கடக்கென்று ஒரு முறுக்கு உடைந்தது.

டீச்சர் படத்தை நிறுத்தினார். "கேட்டீங்களா? இவ பேச்சை நம்பி வக்கீலையே பாத்துக்கிட்டிருந்தேன். கடைசியில டாக்டர். இவ யாரு எனக்குத் தப்பாச் சொல்ல?"

"சரியாச் சொல்லியிருந்தா பரவாயில்லையா டீச்சர்?" என்றார் ரஃபீக் பாய்.

"அப்பவும் தப்புதான். அதோட விட்டாளா? இடைவேளைக்கப்புறம் பூரா முறுக்கு. டாக்டர் கத்தியை ஓங்கறான், இவ கடிக்கிறா."

"திரும்பப் போடுங்க," என்றார் ராமநாதன் சார். கேட்டார். "இன்னொரு தடவை." கேட்டார். நோட்டில் நாற்பத்தேழு என்று எழுதி வட்டம் போட்டார்.

நான் டிவியைப் பார்க்கவில்லை. பிளேயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தயத்தில் தோற்ற அன்று இரவே தேய்க்க ஆரம்பித்தாள். பத்தொன்பது நாள் தேய்த்தாள். பதினோரு நாள் பாக்கி.

தீர்ப்பு சீக்கிரம் வந்தது. நாற்பதும் தள்ளுபடி. இனி ஒரிஜினல் சிடி மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

"தள்ளினதை மறுபடி யாரும் பயன்படுத்தக் கூடாது," என்றார் ராமநாதன் சார். "டெப்போ வழக்கப்படி நடுவுல ஓட்டை போட்டுடணும்."

"ஓட்டை இருக்கு சார்," என்றார் ரஃபீக் பாய்.

ராமநாதன் சார் ஒரு சிடியைத் தூக்கி ஓட்டை வழியாகப் பார்த்தார்.

"அப்ப வெட்டணும்."

டீச்சர் தகரம் வெட்டும் கத்தரிக்கோலோடு தயாராக வந்திருந்தார். டிராக்டர் படம் முதலில் போனது. கொலைப் படம் அடுக்கில் மேலிருந்து ஐந்தாவது. நான் ரஃபீக் பாயிடம் குனிந்தேன்.

"பாய், அதுக்கு வேற காப்பி இருக்கா?"

"எதுக்கு? முறுக்குக்கா? ஒண்ணுதான் தம்பி. நல்ல பிரிண்ட் வந்ததும் எல்லாக் கடையிலயும் மாத்திட்டாங்க. நான் சோம்பேறி."

நான்காவது சிடி இரண்டானது.

என் மனைவியின் குரல் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கூடம் அமைதியாகும். டீச்சர் அழுவார். சாயங்காலம் ஏழு வீட்டிலிருந்து டிபன் டப்பா வரும். போன தடவை வந்ததில் இரண்டு டப்பா யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.

டீச்சர் ஐந்தாவதை எடுத்தார்.

"சார், ரெஃபரன்ஸ் சாம்பிள் வேண்டாமா?" என்றேன்.

கத்தரிக்கோல் நின்றது. பார்கவி டெப்போ விதிகளை டைப் அடித்துவிட்டு வந்து, வீட்டில் ராமநாதன் சார் குரலில் படித்துக் காட்டுவாள். ஒன்று மட்டும் நினைவிருந்தது. தள்ளிய சரக்கில் ஒன்றை அரக்கு வைத்து மூடி, பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். பின்னால் யாராவது ஏன் தள்ளினாய் என்று கேட்டால் காட்டுவதற்கு.

"விதி இருக்கு," என்றார் ராமநாதன் சார் மெதுவாக. "நான் மறந்துட்டேன். எதை வைக்கலாம்?"

"எல்லாக் குறையும் ஒண்ணா இருக்கறதை வைக்கலாம் சார். சாய்வு, தலை, ஸ்கூட்டர், முறுக்கு."

அவர் என்னைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"டீச்சர், அதை இப்படிக் கொடுங்க," என்றார்.

பையில் அரக்கும் வைத்திருந்தார். சிடியை உறையில் போட்டு நான்கு மூலையிலும் அரக்கு உருக்கி ஊற்றி, டெப்போ காலத்துப் பித்தளை முத்திரையை அழுத்தினார். நான் கையெழுத்துப் போட்டேன். 'முத்திரையை உடைக்க மாட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு சோதனைக்கு உட்படுவேன்.'

ரஃபீக் பாய் அடுத்த வாரத்திலிருந்து ஒரிஜினல் மட்டும் வைத்தார். மூன்று பேர் வந்து அந்த முறுக்கு சிடி இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

முத்திரை, வைத்த அன்று மாலை நான்கு மணி வரை தாங்கியது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு ராமநாதன் சார் என் வீட்டுக்கு வந்தார். கையில் பூதக்கண்ணாடி, பதிவேடு. உறை சோபாவில் கிடந்தது. தரையில் அரக்குத் துண்டுகள். பிளேயரில் பச்சை விளக்கு எரிந்தது. நான் ஒதுங்கி நின்றேன்.

அவர் அரக்குத் துண்டு ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். கீழே வைத்தார். பதிவேட்டைப் பிரித்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'முத்திரை உடையாமல் உள்ளது.'

"சார்."

"ரெண்டு வருஷம் என் ரூம்ல முறுக்கு தின்ன பொண்ணு தம்பி. எனக்குத் தெரியாதா?" என்றார். "என்னால ஒரு நாள்கூட 'ஷ்ஷ்'னு சொல்ல முடிஞ்சதில்லை. நீங்க எப்படிச் சொன்னீங்க?"

"சொன்னேன் சார். கேக்கலையே."

"போடுங்க."

நாற்பத்தேழாவது நிமிடத்தில் போட்டேன். வக்கீல் படி ஏறினார். பார்கவி பேசினாள். முறுக்கு உடைந்தது. ராமநாதன் சார் படத்தை நிறுத்தச் சொன்னார். எழுந்து டிவிக்கு அருகே போய் வக்கீலின் காலடியில் பூதக்கண்ணாடியை வைத்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார்.

"சேறுதான்," என்றார். "அவ சரியாத்தான் பாத்திருக்கா. படம் எடுத்தவன் தப்புப் பண்ணிட்டான்."

உட்கார்ந்து அதையும் பதிவேட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்தார்.