நீலப் பெயின்ட் அடித்த டிராக்டர்

எல்லோரும் சுகம்தானே? முட்டிவலி, முதுகுவலி, பிள்ளைகளின் சளி இருமல் எல்லாம் எந்த மட்டில் இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை, வலது கையில் ஒரு விரலில் மட்டும் கொப்புளம் போட்டிருக்கிறது. மிச்ச விரல்களால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் சுட்டதில்லை, டிராக்டரில் சுட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அந்த டீசல் டிராக்டர் என் மகனைவிட மூத்தது. என் மருமகளின் அப்பா ஓட்டியது. அவர் போன பிறகு அவளே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் ஷெட்டில் நிறுத்தினாள். அக்கம்பக்கத்து வயல்களை உழுதுகொடுப்பதுதான் அவள் தொழில். வேலை ஓய்ந்திருந்த நேரத்தில் வண்டியைப் பிரித்துப்போட்டு, துருவைத் தேய்த்து, இண்டு இடுக்கு விடாமல் நீலப் பெயின்ட் அடித்தாள். பேட்டரி உட்காரும் இரும்புத் தட்டைக்கூடக் கழற்றி, மேலும் கீழும் அடித்துத்தான் மாட்டினாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. ஆனால் அதோடு சரி, நகரவில்லை.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டால் மின்மினி மாதிரி மினுங்கும். ஹாரனை அமுக்கினால் அந்த மினுங்கலும் போய், சளி பிடித்த வாத்து மாதிரி ஒரு முனகல் வரும்.

ஒயரிங்காரர் வந்து பேட்டரியில் மீட்டரை வைத்தார். பேட்டரி நன்றாக இருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்து ஓட்டினார். அதுவும் சுற்றியது. மறுபடி மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஒயர்தாம்மா. உள்ள எலி கடிச்சிருக்கும். மொத்தமா மாத்தணும். இந்தக் கிழட்டு வண்டிக்கு அது தேவையான்னு யோசிச்சுக்கங்க."

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் என் மகன் ஆரம்பித்துவிட்டான். புதுக் கார் வெயிலில் காய்கிறது, ஷெட்டின் மேல் வெகுநாளாக அவனுக்கு ஒரு கண்.

"பழைய இரும்பு வாங்கறவர்கிட்டப் பேசிட்டேன். சாயங்காலம் லாரி வருது."

மருமகள் கையில் ஸ்பேனரோடு நிமிர்ந்தாள். "என்னைக் கேக்காம எப்படிங்க பேசுவீங்க? இது போனா நான் எதை வெச்சு உழறது?"

"ஓடாத வண்டியை வெச்சு மட்டும் உழுதுடுவியா?"

"ஓடினா?"

"லாரி வர்றதுக்குள்ள ஓடிடுச்சுன்னா நானே திருப்பி அனுப்பறேன். போதுமா?"

"அத்தை, நீங்கதான் சாட்சி."

"சாட்சி மட்டும் சொன்னாப் போதுமா, சாவியும் திருப்பட்டுமா?" என்று சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஏறும்போது என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து தள்ளினார். அதெல்லாம் இங்கே எதற்கு?

மருமகள் ஒரு சின்ன பல்பை எடுத்தாள். அதன் ஒரு ஒயரைப் பேட்டரியின் மைனஸில் மாட்டி, இன்னொரு ஒயரால் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போனாள். தொட்ட இடமெல்லாம் பல்பு எரிந்தது.

"ஸ்டார்ட்டர் வரைக்கும் கரன்ட் போகுது அத்தை. எலியும் கடிக்கல, ஒண்ணும் கடிக்கல. இன்னொரு தடவை திருப்புங்க. விடாமப் பிடிங்க."

திருப்பினேன். டக். டக். வலது கையால் சாவி, விரல் ஒன்று பக்கத்திலிருந்த ஸ்டாப் கம்பியின் மேல். இன்ஜினை நிறுத்துவதற்கு இழுப்போமே, அந்தக் கம்பி.

"அய்யோ அம்மா, சுட்டுடுச்சே!"

"வண்டின்னா சுடத்தான் செய்யும்மா," என்றான் மகன்.

"இன்ஜினே ஓடலையேடா, சூடு எங்கேருந்து வரும்? உன் வாயிலேருந்தா?" என்றார் என் வீட்டுக்காரர்.

மருமகள் ஓடிவந்து கம்பியைத் தொட்டாள். வெடுக்கென்று கையை எடுத்தாள். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"இது வெறும் இழுக்கற கம்பி அத்தை. இதுல கரன்ட்டே வரக்கூடாது. பேட்டரியிலேருந்து போற கரன்ட் வண்டியோட இரும்பு வழியாத் திரும்பி வரணும். அந்த வழி எங்கயோ அடைச்சிருக்கு. அதான் இதுல புகுந்து வருது."

"மெயின் ரோட்டை மூடினா லாரியெல்லாம் நம்ம சந்துக்குள்ள வருமே, அந்த மாதிரி," என்றார் இவர்.

"அதேதான் மாமா."

பேட்டரியின் மைனஸிலிருந்து கிளம்பும் பட்டை ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது பேட்டரித் தட்டில் முடுக்கியிருந்தது. தட்டு வண்டியின் உடம்பில் முடுக்கியிருந்தது. என்னைச் சுட்ட ஸ்டாப் கம்பியும் அந்தத் தட்டின் ஓரத்தை உரசிக்கொண்டுதான் போனது. அங்கே போய் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி ஆச்சு?"

"இரும்பும் இரும்பும் தொடணும் அத்தை. தொடல. நடுவுல பெயின்ட்டு இருக்கு."

மகன் சிரித்த சிரிப்பில் ஷெட்டுக் கூரை அதிர்ந்தது. "யார் அடிச்ச பெயின்ட்டு?"

"நீங்க கொஞ்சம் வாயை மூடறீங்களா?"

போல்ட்டைக் கழற்றித் தட்டைத் தூக்கினாள். கையில் உப்புத்தாள் இருந்தது, ஆனால் தேய்க்க மனசு வரவில்லை. எத்தனை ஆசையாக அடித்தது! அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி ஹாரன்.

"தேய்டி! தட்டுக்குக் கீழ யாரு எட்டிப் பாக்கப் போறா?" என்று கத்தினேன்.

தேய்த்தாள் பாருங்கள், ஜென்மப் பகையைத் தீர்ப்பது மாதிரி. தட்டின் அடியிலும், அது உட்காரும் இடத்திலும், பட்டையை முடுக்கும் ஓட்டையைச் சுற்றியும் வெள்ளை வெளேரென்று இரும்பு தெரிந்தது. முடுக்கினாள். லாரிக்காரர் தோளில் கயிற்றோடு உள்ளே வந்துவிட்டார்.

"திருப்புங்க அத்தை!"

திருப்பினேன். 'டக்' இல்லை. ஒரு உறுமல், ஒரு குலுக்கல், புகைபோக்கியிலிருந்து கரும்புகை குபீரென்று கிளம்பி என் வீட்டுக்காரரின் சட்டையில் போய் உட்கார்ந்தது. படபடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது.

லாரிக்காரர் வண்டியைப் பார்த்தார், என் மகனைப் பார்த்தார். "ஓடாத வண்டின்னு சொன்னீங்களே தம்பி?"

"நேத்து ஓடல அண்ணே." தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதீங்க. இது குடுக்கறதுக்கில்ல."

மருமகள் என்னை இறக்கிவிட்டுத் தான் ஏறினாள். எத்தனை நாளாகவோ உழவுக்குக் காத்துக்கிடந்த வயலைப் பார்த்துப் புறப்பட்டாள். வாசலில் நிறுத்தித் திரும்பினாள்.

"ஷெட்டு காலியா இருக்கேன்னு காரைக் கொண்டாந்து விட்டுடாதீங்க."

"விடல, விடல. போய்ட்டு வா," என்றான். கையில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டேதான் சொன்னான், பயல்.

உங்கள் வீட்டு வண்டியோ மோட்டாரோ இப்படி உங்களைப் பாடாய்ப் படுத்தியது உண்டா? கடைசியில் எங்கே இருந்தது கோளாறு? யார் கண்டுபிடித்தது, யார் பேச்சு வாங்கியது? ஒன்று விடாமல் எழுதுங்கள்.