போதகர் வரும்வரை

அறுவைக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போடக் குனிந்த அப்பா, மகன் விமலன் தன் தோளைத் தொட்டதும் பேனாவை நிறுத்தினார்.

“கொஞ்சம் பொறுங்கப்பா. பாஸ்டர் பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து கிளம்பிட்டாரு. எண்ணெய் பூசி ஜெபம் பண்ணட்டும்.”

கிள்ளானில் அந்த மருத்துவமனைக்கு அப்பாவைக் கொண்டுவந்து அரை மணிதான் ஆகியிருந்தது. வயிற்றுக்குள் பெரிய இரத்தக்குழாய் கசிகிறது, உடனே அறுக்க வேண்டும் என்று டாக்டர் ரிஸ்வானா சொல்லிவிட்டார்.

“அண்ணே, வெளையாடாதலா,” என்றாள் குணபூசணி.

“பைபிள்ல ஆசா ராஜா கால் வியாதில கர்த்தரத் தேடல. வைத்தியருங்களத்தான் தேடுனான். என்ன ஆச்சு? செத்துத்தானே போனான்?” என்றான் விமலன்.

“ஆசரிப்புக் கூடாரம் செஞ்ச பெசலெயேலுக்கு ஞானத்தையும் கைவேலையையும் குடுத்தது யாரு? அதே கர்த்தர்தானே? இந்த டாக்டருக்கு மட்டும் வேற யாரு குடுத்தா?”

அப்பா அந்தோனிப்பிள்ளை இரும்பு ஒட்டுகிறவர். சபையின் கூரைச் சட்டங்கள் முழுவதும் அவர் பற்றவைத்தவை. அவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஒரு மணி நேரம் தாங்குமா டாக்டர்?”

“சொல்ல முடியாது அங்கிள். இப்பவே போறதுதான் நல்லது.”

அப்பா பேனாவைப் படுக்கையில் வைத்தார். “பாஸ்டர் வரட்டும்.”

விமலன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். குணபூசணி அப்பாவின் முகத்தருகே குனிந்தாள்.

“ஏம்ப்பா?”

“நீ சொன்னதுதாம்மா சரி.” மூச்சு வாங்கியது. “அம்மா ஆப்பரேஷனுக்கு ஒங்கண்ணன்தானே கையெழுத்துப் போட்டான். அவ திரும்பி வரல. அந்தப் பாரத்த இன்னும் எறக்கல. ஜெபம் பண்ணிட்டு நான் உள்ள போனா, அவனுக்கு ஒரு நிம்மதி.”

நெடுஞ்சாலையில் நெரிசல். நாற்பத்தைந்து நிமிடம் கழித்து, சட்டை வியர்வையில் ஒட்ட, போதகர் உள்ளே வந்தார். படுக்கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இன்னுமா உள்ள கொண்டுபோகல?”

“உங்களுக்காகத்தான் பாஸ்டர்…” என்றான் விமலன்.

“நான் வர்ற வழியெல்லாம் ஜெபம் பண்ணிட்டுத்தான் வரேன். எனக்காக நிக்கச் சொன்னது யாரு தம்பி?”

அப்பாவின் விரல்களில் பேனா நிற்கவில்லை. குணபூசணி தாளைப் பிடித்துக்கொள்ள, கோணலாக ஒரு கிறுக்கல் விழுந்தது. நகரும் படுக்கையோடு நடந்தபடியே போதகர் அவர் நெற்றியில் எண்ணெய் பூசினார். அறுவை அறையின் கதவு சாத்திக்கொண்டது.

இருபது நிமிடத்தில் டாக்டர் ரிஸ்வானா வெளியே வந்தார். முகக்கவசத்தைக் கழற்றினார்.

“சாரி. இருதயம் தாங்கல.”

“முன்னாடியே உள்ள போயிருந்தா?” என்று விமலன் கேட்டான்.

“உறுதியா சொல்ல முடியாது.”

போதகர் அவன் கையைப் பிடிக்க வந்தார். அவன் விலகித் தங்கையிடம் திரும்பினான்.

“நான் போன் பண்ணப் போனப்போ அப்பா உன்கிட்ட என்னமோ பேசிக்கிட்டிருந்தாரே. என்ன சொன்னாரு?”

குணபூசணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவருக்கே அந்த ஜெபம் வேணும்போல இருந்துச்சாம். அதான் காத்திருக்கேன்னாரு.”

“நெஜமாவா?”

“ம்.”

அவன் தலையசைத்தான். வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

மருத்துவமனைப் படிவங்களை நிரப்பி முடித்து அவள் முகப்புக்கு வந்தபோது மழை பிடித்திருந்தது. வாகன நிறுத்தத்தின் நடுவே விமலன் சாவியோடு நனைந்தபடி, ஒவ்வொரு வரிசையாகத் தன் காரைத் தேடிக்கொண்டிருந்தான். அது அவனுக்கு நேர் எதிரே நின்றிருந்தது.